என் அக்காவுக்குக் கை நீளமாம்

என் அக்கா பதினோரு வருஷமாக அடுத்தவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறாள். அவளைத் திருடி என்று சொல்லிவிட்டார்கள்.

முதலில் அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வாயில்லாப் பூச்சி. பஸ் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து நாள் முழுக்க ஊரோடு மல்லுக்கு நிற்கிற எனக்கு இப்படி ஒரு அக்கா எப்படி வாய்த்தாள் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். புது வீட்டுக்குப் போனால் குழந்தையைக் கொஞ்ச மாட்டாள், 'வா வா' என்று கூப்பிட மாட்டாள். கையைக் கழுவிக்கொண்டு தரையில் உட்கார்ந்து துணி மடிப்பாள். கால் மணி நேரத்தில் அந்த வாண்டு தானாக வந்து மடித்ததைக் கலைக்கும். இவள் மறுபடி மடிப்பாள். அது மறுபடி கலைக்கும். அவ்வளவுதான், சிநேகம் பிடித்தாயிற்று.

கடைசியாக ஐந்து வருஷம் ஒரு பல் டாக்டரம்மா வீட்டில் இருந்தாள். இரட்டைப் பிள்ளைகள், பிறந்த இருபதாம் நாளிலிருந்து இவள் கையில் வளர்ந்ததுகள். அதுகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், "இனிமே சமையலும் பாத்திரமும் பாத்துக்கோயேன்" என்றாள் டாக்டரம்மா. "எனக்குப் பிள்ளைங்களோட இருக்கற வேலைதான்மா வரும்" என்று சொல்லிவிட்டு அக்கா விடைபெற்றாள். அந்த அம்மா தேன் ஒழுகப் பேசினாள்: "எந்த வீட்ல கேட்டாலும் என் நம்பரைக் குடு. உன்னைப் பத்தி நானே சொல்றேன்."

என் அக்கா என்ன செய்தாள் தெரியுமா? அந்த நம்பரைக் குண்டு குண்டாகச் சின்னச் சீட்டுகளில் எழுதிவைத்து, போன வீட்டிலெல்லாம் தன் கையாலேயே கொடுத்துவிட்டு வந்தாள்.

நான்கு வீடு போனாள். ஒரு வீட்டில் பாட்டுப் பாடிக் காட்டச் சொன்னார்கள். இன்னொரு வீட்டில் ஒரு பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் நகத்தையெல்லாம் பார்த்தார். மாடு பிடிக்கிறாரா, வேலைக்கு ஆள் எடுக்கிறாரா? எல்லா வீட்டிலும் குழந்தை ஒட்டிக்கொண்டது. எல்லா வீட்டிலும் "நாளைக்குச் சொல்றோம்" என்றார்கள். யாரும் சொல்லவில்லை. "எனக்கு வயசாயிடுச்சு போல" என்று அக்கா கண்ணாடி முன்னால் நின்று தலைமுடியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். வாரம் தவறாமல் போன் செய்தது டாக்டரம்மா மட்டும்தான். "இன்னும் எதுவும் அமையலையா? ஐயோ பாவம். நம்ம வீட்டுக்கே வந்துடேன், பாத்திரம் கொஞ்சம்தான்."

இரண்டு மாதம் ஓடிவிட்டது. இதுவும் அமையாவிட்டால் அங்கேயே போய்ப் பாத்திரம் தேய்ப்பது என்று முடிவுசெய்துகொண்டுதான் ஐந்தாவது வீட்டுக்குக் கிளம்பினாள். துணைக்கு நானும் போனேன்.

அந்த வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். ஒன்பது மாதக் குழந்தை. சுற்றி வளைத்துப் பேசாத பெண். சீட்டை வாங்கியதும், "தப்பா நினைக்காதீங்க, உங்க முன்னாடியே பேசிடறேன். ஒளிவுமறைவு வேண்டாம்" என்று போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள்.

டாக்டரம்மாவின் குரல் வந்தது. "வேலையெல்லாம் நல்லாத்தான் செய்வா. பிள்ளைங்கன்னா உயிரு. ஆனா… எப்படிச் சொல்றது, கை கொஞ்சம் நீளம். நாங்க பெருசா எடுத்துக்கல. நீங்க பாத்து முடிவு பண்ணிக்கோங்க."

அடிப்பாவி! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா மேஜைப் பக்கம் குனிந்தாள். "அம்மா, நான்தான் பேசறேன். உங்க வீட்ல நான் என்னத்தம்மா எடுத்தேன்?"

டாக்டரம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "நீ அங்கயா இருக்க? கோவிச்சுக்காதே. நான் நல்லவிதமா சொன்னா உடனே எடுத்துக்குவாங்க. அப்புறம் நீ எப்படித் திரும்பி வருவே? நீ போனதுலேருந்து பசங்க சரியா சாப்பிடறதே இல்ல. நான் வேற என்னதான் பண்றது?"

கேட்டீர்களா நியாயத்தை? அவள் பிள்ளைகள் சாப்பிட என் அக்கா திருடியாக வேண்டுமாம்! நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டேன். ஐந்தாவது கேட்பதற்குள் லைன் போய்விட்டது. அக்கா விரல்விட்டு எண்ணினாள். "அந்த நாலு வீட்லயும் இதையேதான் சொல்லியிருப்பாங்க, இல்ல?" என்று என்னைக் கேட்டாள். அவள் அந்த வீடுகளில் எல்லாம் டீ குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தவள்.

எக்ஸ்ரேக்காரிக்கு முகம் சிவந்துவிட்டது. "மனுஷங்களா இவங்க? நீங்க திங்கக்கிழமையே வந்துடுங்கக்கா" என்றாள். அக்கா அழுதுவிட்டாள். நானும் வயிறு குளிர்ந்துதான் வீடு வந்து சேர்ந்தேன், பொய் சொல்வானேன்.

திங்கட்கிழமை காலை நான்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். எக்ஸ்ரேக்காரி அவசரத்தில் இருந்தாள். பால் பவுடர், டயப்பர், காய்ச்சல் மருந்து எல்லாம் எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டுக் குழந்தையை அக்காவின் கையில் கொடுத்தாள். வாசல்வரை வந்தவள் என்ன நினைத்தாளோ, திரும்பிப் படுக்கையறைக்குள் போனாள். பீரோவைப் பூட்டுகிற சத்தம் கேட்டது. பூட்டிவிட்டு இழுத்துப் பார்க்கிற சத்தமும் கேட்டது. சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

அத்தனையும் பொய் என்று காதாரக் கேட்டவள்! எனக்கு வந்த ஆத்திரத்தில் செருப்போடு உள்ளே நுழைந்துவிட்டேன். அக்கா ஒரு கையால் என்னைத் தடுத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"பீரோவைப் பூட்டிக்கிட்டீங்க, சரிம்மா. இந்தப் பிள்ளையை எதை நம்பி என் கையில குடுத்தீங்க?"

எக்ஸ்ரேக்காரி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கா குழந்தையை அவளிடம் நீட்டினாள்.

"சொல்லுங்க. சொன்னப்புறம் வாங்கிக்கறேன்."