நூற்று முப்பத்தொன்பது ராத்தல்

என் மகன் குத்துச்சண்டைக்காரன் என்று நான் அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் சுவர்களிலெல்லாம் அவன் படம் போட்ட நோட்டீஸ் ஒட்டியிருந்தது. சட்டையில்லாமல், இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் தூக்கிக்கொண்டு, யாரோ எறிந்த கல்லைத் தடுப்பவன் போல நிற்பான். கீழே மூன்று மொழிகளில் 'புலி' என்று அச்சடித்திருக்கும். புலிக்கு இருபத்திரண்டு வயது. பகலில் செந்தூல் ரயில் பட்டறையில் பிட்டர் வேலை.

ஒவ்வொரு சண்டை முடிந்த பிறகும் என் மனைவி அவனுக்குப் பிள்ளை பெற்றவளுக்குப் போடும் பத்தியம் போடுவாள். பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு, சுக்குத் தண்ணீர். காதை மூடித் தலையில் துணியும் கட்டிவிடுவாள். உடம்பு நொந்து கிடப்பவர்களுக்கு அவள் அறிந்த வைத்தியம் அது ஒன்றுதான். பக்கத்து வீட்டு அம்மாள் ஒருநாள் எட்டிப் பார்த்து, "என்ன குழந்தை அக்கா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள். மகனும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கண்ணுக்குக் கீழே இருந்த வீக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாதம் அவனுக்கு ஒரு பினாங்குச் சீனனோடு சண்டை ஏற்பாடாகியிருந்தது. அந்த ஆள் அதற்கு முந்தைய சண்டையில் ஒருவனின் தாடையை உடைத்திருந்தான். பத்திரிகையில் அதைப் படித்த நாளிலிருந்து சாப்பாட்டை மெல்லும்போதெல்லாம் என் தாடை வலித்தது.

சண்டைக்காரர்களை எடை பார்த்துத்தான் ஜோடி சேர்ப்பார்கள். இந்த ஜோடிக்கு நூற்று முப்பத்தைந்து ராத்தல் வரம்பு. அதற்கு மேல் போனால் சண்டை கிடையாது. ஆனால் எந்தத் தராசில் நிறுப்பது என்பதில் தகராறு வந்தது. சண்டையை நடத்தியவர் கிள்ளானில் லாரி வைத்திருந்த ஒருவர். அவர் கொண்டுவந்த அரிசிக்கடைத் தராசைப் பினாங்குக் கோஷ்டி நம்பவில்லை. கடைசியில் எங்கள் ஸ்டேஷன் துரை சொன்ன யோசனையை எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். அவர்தான் சண்டைக்கு நடுவர். "என் பார்சல் ஆபீஸ் தராசு பொய் சொல்லாது. அங்கே கணக்கு எழுதும் கிராணியும் பொய் சொல்லமாட்டான்" என்றாராம்.

அந்தக் கிராணி நான்.

சண்டை நாள் காலையில் பத்துப் பதினைந்து பேர் பார்சல் ஆபீசுக்குள் வந்து நின்றார்கள். எடையைக் குறிக்கத் தனிப் படிவம் இல்லை. பார்சல் சீட்டுதான் இருந்தது. படிவத்தில் எதையும் காலியாக விடக்கூடாது என்பது துரையின் கண்டிப்பு. ஆகவே பினாங்குக்காரனை நிறுத்துவிட்டு, சரக்கின் தன்மை என்ற இடத்தில் ஆடு கோழிக்கு எழுதுவது போல 'உயிருள்ளது' என்று எழுதினேன். சிப்பம் என்ற இடத்தில் 'கட்டப்படவில்லை'. சேதமானால் யார் பொறுப்பு என்ற இடத்தில் 'உடையவர்'. அடுத்து என் மகன் தராசு மேடையில் ஏறினான். நான் தராசின் கம்பத்தருகே நின்று குண்டை நகர்த்தினேன். நூற்று முப்பத்து நாலரையில் தண்டு சமமாக நின்றது.

இருபத்தாறு வருட உத்தியோகத்தில் நான் செய்யாத ஒன்றை அப்போது செய்தேன். செருப்பிலிருந்து வலது காலை உருவி, மேடையின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். வேட்டி மறைத்துக்கொண்டது. குண்டை மறுபடி நகர்த்தி, "நூற்று முப்பத்தொன்பது" என்று படித்தேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

மகனின் முகம் சுண்டிப்போனது. "எப்படிப்பா?" என்றான். நான் சீட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் முருகனுக்கு நன்றி சொன்னேன். சண்டை நின்றது.

கிள்ளான்காரர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு இரண்டு நிமிடம் நின்றார். பிறகு கையைத் தட்டினார்.

"நல்லதாப் போச்சு கிராணியாரே! மேல் எடை வகுப்புல ஒருத்தனுக்கு நேத்தே காய்ச்சல் லா. மணிலாக்காரன் ஜோடியில்லாம நிக்கிறான். நூத்தி நாப்பத்தேழு ராத்தல். தம்பிய அங்க ஏத்திடுவோம். என்ன தம்பி, சம்மதமா?"

"சம்மதம் அண்ணே" என்றான் என் மகன், நான் வாயைத் திறப்பதற்குள்.

மணிலாக்காரன் வாசலில் நின்று வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். அவன் கழுத்து என் தொடையளவு இருந்தது.

எல்லாரும் கலைந்ததும் துரையின் அறைக்கு ஓடினேன். எடை தவறு, கட்டைவிரல் என்னுடையது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டினார். பெற்ற மனம் புரிகிறது, ஆனால் பிள்ளைக்காக இப்படி ஒரு பழியை மேலே போட்டுக்கொள்ளாதே என்றார். இருபத்தாறு வருடத்தில் ஒரு புகார்கூட என்மேல் வந்ததில்லையாம். நான் மன்றாடியதால் மட்டும், சாயங்காலம் சண்டைக்கு முன்னால் அரிசிக்கடைத் தராசில் மறுபடி நிறுக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்.

அதற்குள் என் மனைவி அடுக்குச் சட்டியோடு பார்சல் ஆபீசுக்கு வந்துவிட்டாள். எடை பார்த்த பிறகு வயிறு நிறையச் சாப்பிடுவது சண்டைக்காரர்கள் வழக்கம். இரண்டு வாரப் பட்டினியை அவன் அங்கேயே ஒரு தேயிலைப் பெட்டியின் மேல் உட்கார்ந்து தீர்த்தான். ஆட்டுக்கறி, சோறு, ரசம், அதற்கு மேல் ஒரு கூஜா தண்ணீர். சாயங்காலம் சண்டை நடக்கும் கேளிக்கைப் பார்க்கில் அவனை நிறுத்தபோது தராசு நூற்று முப்பத்தொன்பது காட்டியது. துரை என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பினாங்குக்காரர்கள்கூட என் தராசைப் புகழ்ந்தார்கள்.

அதுவரை நான் ஒரு சண்டையையும் பார்த்ததில்லை. அன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்துக் கொட்டகையில் ரோங்கெங் என்ற மலாய் ஆட்டத்துக்கு வயலின் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தாளத்திலேயே என் மகனுக்கு அடி விழுந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் மணி அடித்தார்கள். மணி அடித்தால் எழுந்து நிற்பது என் உடம்பில் ஊறிய பழக்கம்.

"உக்காருங்கண்ணே, ரயிலு இன்னும் வரல" என்றான் பின்னாலிருந்தவன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

மூன்றாவது சுற்றில் மகன் விழுந்தான். துரை எண்ண ஆரம்பித்தார். நான் மேடைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அவன் நூத்தி முப்பத்தஞ்சுகூட இல்ல! நான் பொய் சொன்னேன்!" என்று கத்தினேன். சனங்கள் கை தட்டினார்கள். மகனை உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்தார்களோ என்னவோ. எட்டு என்று எண்ணும்போது அவன் எழுந்துவிட்டான். மீதி மூன்று சுற்றும் அடி வாங்கிக்கொண்டே நின்றான். புள்ளியில் தோற்றான். ஆனாலும் கூட்டம் அவனைத்தான் தோளில் தூக்கியது.

"இனிமே தம்பிக்கு மேல் வகுப்புதான்! ஈப்போ, சிங்கப்பூர் எல்லாம் போறோம்" என்றார் கிள்ளான்காரர்.

வீட்டில் அவனைப் படுக்கவைத்து, மனைவி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு கண் மூடிப்போயிருந்தது. இன்னொரு கண்ணைப் பார்த்து நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். பிறகு, "அப்ப நான் காலையில சரியாத்தான் இருந்தனா?" என்றான்.

"நூத்தி முப்பத்து நாலரை."

"ரெண்டு வாரம்பா. ரெண்டு வாரமா நான் ஒரு தோச திங்கல. கோணிச் சாக்கப் போட்டுக்கிட்டு பட்டறயச் சுத்தி ஓடுனேன். எச்சியத் துப்பித் துப்பி எடயக் கொறச்சேன்."

சொல்லிக்கொண்டே அழுதான். மணிலாக்காரன் அத்தனை அடித்தும் அழாதவன். பூண்டை வைத்துவிட்டு என் மனைவி எழுந்தாள். "மனுசனா நீங்க?" என்று கேட்டுவிட்டுத் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றினாள்.

மறுநாள் அவனைப் பழைய வகுப்புக்கே போகச் சொல்லிக் கெஞ்சினேன். கிள்ளான்காரரிடம் நானே உண்மையைச் சொல்கிறேன் என்றேன்.

"யாரு நம்புவா?" என்றான். "ஈப்போச் சண்டைக்கு நோட்டீஸும் அடிக்கக் குடுத்தாச்சு."

ஆகவே இப்போது வேறு வழியில்லை. நான்தான் அவனை அந்தப் பெரிய ஆட்கள் நடுவில் கொண்டுபோய் விட்டேன். அவர்கள் அளவுக்கு அவனை வளர்க்க வேண்டியதும் என் வேலைதான். ஈப்போச் சண்டைக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. தினமும் விடிந்ததும் பாசாருக்குப் போய் ஆட்டுக்கறிக் கடையில் முதல் ஆளாக நிற்கிறேன். சண்டையே வேண்டாம் என்று பத்துமலை முருகனுக்கு நேர்ந்துகொண்டவன், இப்போது சதை பிடிக்க வேண்டும் என்று நேர்ந்திருக்கிறேன். பத்து மணிக்கு நான் ஆபீசில் இருந்தாலும், பட்டறையில் அவன் முட்டை தின்றானா என்று கடிகாரத்தைப் பார்க்கிறேன்.

இன்று காலை இரண்டாம் கிண்ணம் சூப்பைத் தள்ளிவைத்தான்.

"போதும்பா. வயிறு வெடிச்சிரும்."

"ஈப்போக்காரன் நூத்தி நாப்பத்தாறுடா" என்றேன்.

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு கிண்ணத்தை எடுத்துக் குடித்தான். அவன் குடித்து முடிக்கும்வரை நான் பக்கத்திலேயே நின்றேன்.