தெமோதரையில் என் எழுத்துரு

தெமோதரை ரயில் ஸ்டேஷனுக்கு மேலே, தேயிலை மலையின் விளிம்பில் நிற்கிறேன். சுற்றுலா ஹோட்டல் ஒன்று இங்கே நட்டிருக்கும் பலகையில் ஆங்கிலமும் ரஷ்ய மொழியும் அண்ணன் தம்பி போல ஒரே முகத்தோடு இருக்கின்றன. அந்த முகத்தைக் கொடுத்தவன் நான்தான். இரண்டு எழுத்தையும் ஒரே எழுத்துருவில் சேர்க்க மூன்று வருஷம் மெனக்கெட்டேன். ஒரு ரஷ்ய எழுத்தின் வாலுக்கே முழு மழைக்காலம் போனது. பெருமையோடு பலகையைப் படம் எடுக்கிறேன்.

கொழுந்துச் சாக்கோடு வந்த அக்கா ஒருவர் நிற்கிறார்.

"என்னாங்க தம்பி போட்டிருக்கு?"

"மழை பேஞ்சா மண்ணு சரியும், இங்க நிக்காதீங்கன்னு போட்டிருக்குக்கா. எழுத்து நான் செஞ்சது."

அவர் கீழே பார்க்கிறார். பலகைக்கு நேர் கீழே தொழிலாளர் குடியிருக்கும் லய வீடுகளின் தகரக் கூரைகள். வாசலில் துணி காய்கிறது.

"நிக்க வர்றவங்களுக்குச் சொல்லியாச்சு. அங்க படுக்கிறவங்களுக்கு?"

"இந்த எழுத்துருவுல தமிழ் இல்லக்கா."

"ஏங்க, அது அவ்வளவு கஷ்டமான எழுத்தா?"

பதிலுக்குக் காத்திராமல் சாக்கைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு, அந்தக் கூரைகளை நோக்கி இறங்குகிறார். தூறல் தொடங்குகிறது. பலகை சொன்னபடி நான் பத்திரமாக விலகி நிற்கிறேன்.