குதிரையை மிரட்டியது நான்தான்

என் மகள் மீராவுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம் உண்டு. அந்தமானில், சௌல்தாரியில் தோட்டம் வைத்திருக்கும் செல்வத்தின் குதிரையருகில்தான் அமைதியாவாள். ஞாயிறுதோறும் அழைத்துப் போவேன்.

அன்று மெயின்லேண்டிலிருந்து தங்கை வீடியோ காலில் அழைத்தாள். சிக்னல் தேடிச் சாலைவரை நடந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால், குதிரையின் பின்கால்களை ஒட்டி மீரா உட்கார்ந்திருந்தாள். அலறிவிட்டேன். மிரண்ட குதிரை உதைத்தது. குளம்பு அவள் காதோரம் கடந்தது.

செல்வம் ஓடிவந்து அவளைத் தூக்கினார். குதிரையை இந்தியில் ‘கோடா’ என்றுதான் சொல்வார். “அரே அக்கா, கத்தாதீங்க. பாப்பா பக்கத்துல இருக்கிறது கோடாவுக்குத் தெரியும். உங்க சத்தத்துக்குத்தான் மிரளுது.”

அடுத்த ஞாயிறும் மீரா குதிரையிடம் போனாள். என்னிடம்தான் பல நாள் வரவில்லை.

இப்போது போனை வண்டியிலேயே வைத்துவிட்டு, வாய் திறக்காமல் அவள் பக்கத்திலேயே நிற்கிறேன்.