சிந்துஜா எந்த ஊர்ப் பிள்ளை?

அண்மையில் ஒரு சனிக்கிழமை, பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலுக்கு முருங்கைக்காய் வாங்கப் போனேன். ஒரு வழக்கோடு திரும்பி வந்தேன்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக: சென்னையில் சட்டம் படித்து, லண்டனில் பாரிஸ்டராகி, இப்போது பாரிஸில் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு நாட்டுக் கம்பெனிக்கும் இன்னொரு நாட்டுக் கம்பெனிக்கும் சண்டை வந்தால், யாருடைய கோர்ட்டுக்கும் போகாமல், இருவருக்கும் பொதுவான நடுவர்களை உட்காரவைத்துத் தீர்த்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர் ஆர்பிட்ரேஷன். அதில் பல வருடம் வாதாடினேன். இப்போது நடுவராகவும் உட்காருகிறேன். விளையாட்டு வழக்குகளும் வரும் – கிளப் மாறிய கால்பந்து வீரர், ஊக்கமருந்தில் மாட்டிய சைக்கிள் வீரர்...

சுருக்கமாகச் சொன்னால், பஞ்சாயத்து. கோட்டு சூட்டுப் போட்ட பஞ்சாயத்து.

லா சப்பலில் இதை விளக்குவது கஷ்டம். நடேசன் அண்ணை – நான் வழக்கமாகக் காய்கறி வாங்கும் கடைக்காரர், யாழ்ப்பாணத்துக்காரர் – முதல்முறை என்னை விசாரித்தது நன்றாக நினைவிருக்கிறது.

"லோயர் எண்டால், அகதிக் கேஸ் செய்வீங்களோ?"

"இல்லண்ணா."

"விசா, வதிவிடக் கார்த் அலுவல்?"

"இல்ல."

"டிவோஸ்?"

"அதுவும் இல்ல."

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பரவாயில்லை தங்கச்சி. போகப் போகப் பழகிடும்."

ஆனால் அந்தச் சனிக்கிழமை முருங்கைக்காயை நிறுக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"தங்கச்சி, விளையாட்டுப் பிரச்சினையும் பாக்கிறனான் எண்டு ஒருக்கால் சொன்னனீங்கள் எல்லோ?"

"ஆமாண்ணா. யாருக்குப் பிரச்சினை?"

"என்ர மகளுக்கு."

விஷயம் இதுதான். பாரிஸைச் சுற்றியிருக்கும் யாழ்ப்பாணத்து ஊர்ச் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு கோடையிலும் விளையாட்டுப் போட்டி நடத்துகின்றன. ஆண்களுக்குக் கால்பந்து, பெண்களுக்கு வலைப்பந்து. வலைப்பந்து தெரியாதவர்களுக்கு – கூடைப்பந்தின் தங்கை. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓட முடியாது. ஓர் அணிக்கு ஏழு பேர். இலங்கையில் பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஆடுவது. போட்டியின் விதிப்படி, ஓர் ஊர் அணிக்கு ஆடுகிறவர் 'அந்த ஊரைச் சேர்ந்தவராக' இருக்க வேண்டும்.

நடேசன் அண்ணையின் மகள் சிந்துஜா, பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அப்பாவின் ஊர் அணிக்கு ஆடுகிறாள். வளையத்துக்குள் பந்து போடுவதுதான் அவள் வேலை. குறி தப்புவது அபூர்வம். போன வருடம் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை வேறு ஊர். மாப்பிள்ளையின் அப்பா குலேந்திரன்தான் அந்த ஊர்ச் சங்கத்தின் தலைவர்.

இந்த வருடம் இரண்டு ஊரும் அவள் பெயரைக் கொடுத்துவிட்டன.

ஊர்ப் பெயர்களைக் கேட்காதீர்கள். இரகசியம் காப்பது எங்கள் தொழில் தர்மம். அப்பாவின் ஊர் கிழக்கூர், மாமனாரின் ஊர் மேற்கூர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டி நடத்துகிறவர்கள் கையை விரித்துவிட்டார்கள். சம்பந்திகள் இருவரும் இந்த வாரத்துக்குள் பேசி முடிக்க வேண்டும். இல்லையென்றால் சிந்துஜா யாருக்கும் ஆட முடியாது. பேசி முடிக்கப் போய், பேச்சே நின்றுவிட்டது.

"போன ஞாயிறு பிள்ளை வீட்ட வந்தவ. மருமகன் கீழ காருக்குள்ளேயே இருந்திட்டார், மேல ஏறி வரேல்லை," என்றார் நடேசன் அண்ணை, முருங்கைக்காயைப் பார்த்தபடி. "பிள்ளையும் அவசரமாய் வெளிக்கிட்டிட்டா."

"உங்க ஆளுங்கள்லயே எவ்வளவோ பெரியவங்க இருக்காங்க. என்கிட்ட ஏண்ணா?"

"அவை எல்லாரும் ஏதோ ஒரு ஊர். நீங்கள் இந்தியா. உங்களுக்கு ரெண்டு ஊரும் தெரியாது. அதாலதான்."

எங்கள் தொழிலிலும் நடுவரை இப்படித்தான் தேடுவார்கள். இரண்டு நாட்டையும் சேராதவர், இரண்டு பேரையும் தெரியாதவர். இத்தனை வருடப் படிப்புக்கும் அனுபவத்துக்கும் பிறகு என்னைத் தேர்ந்தெடுக்கக் காரணமாக இருந்தது... என் அறியாமை.

செவ்வாய்க்கிழமை. மதியக் கூட்டம் வடிந்துபோன நேரம். லா சப்பலில் ஓர் உணவகத்தின் மாடி. வழக்கமாக எனக்கு நீளமான மேசையும், ஆளுக்கொரு மைக்கும், மொழிபெயர்ப்பாளர் கூண்டும் இருக்கும். இங்கே ஒரு தட்டு பொரித்த ரோல்ஸும் தேநீரும். சம்பந்திகள் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள்.

"நான் என்ன சொன்னாலும் ஒத்துக்குவீங்களா?" என்று முதலில் கேட்டேன்.

"ஓம்," என்றார் நடேசன் அண்ணை.

"அப்பீல் இருக்கோ?" என்றார் குலேந்திரன் அண்ணை.

"கிடையாது."

"அப்ப நல்லது. ஓம்."

தாங்கள்தான் ஜெயிக்கப்போகிறோம் என்று இரண்டு தரப்பும் நம்புகிறவரை ஆர்பிட்ரேஷனைப் போல அருமையான ஏற்பாடு உலகத்தில் கிடையாது.

நடேசன் அண்ணை ஆரம்பித்தார். "பெத்தது நான். பந்து பிடிக்கப் பழக்கினது நான். லெ பிளாங்-மெனிலில பார்க்குக்குள்ள மழையில நிண்டு பழக்கினனான். அவ என்ர பிள்ளை. என்ர ஊர்ப் பிள்ளை."

குலேந்திரன் அண்ணை தொண்டையைச் செருமினார். "அதை நான் மறுக்கேல்லை. ஆனால் கலியாணம் கட்டினாப் பிறகு பொம்பிளைப் பிள்ளைக்குப் புகுந்த ஊர்தான் ஊர். நான் சொல்லேல்லை – மரண அறிவித்தலுகளைப் பாருங்கோ. 'இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட...' எண்டுதானே போடுறவை? அந்த வதிவிடம் ஆற்ற ஊர்? புருசன்ர ஊர்."

வழக்காறு, முன்னுதாரணம், அச்சில் வந்த ஆதாரம். அடடா, ஒரு நல்ல பாரிஸ்டர் வீணாகிப் போயிருக்கிறார்.

"என்ர பிள்ளை உயிரோட இருக்கிறா," என்றார் நடேசன் அண்ணை. "நீங்கள் மரண அறிவித்தல் வாசிக்கிறீங்கள்."

"உதாரணத்துக்குச் சொன்னனான்."

"அப்ப முதல்ல பிறப்பிடம் எண்டு போடுறது என்னத்துக்கு?"

நான் குறுக்கே புகுந்தேன். "சிந்துஜா எங்க பிறந்தாங்க?"

"இஞ்சைதான். அப்ப நாங்கள் இந்த லா சப்பலுக்குப் பக்கத்தில, ஸ்டாலின்கிராட்டில இருந்தனாங்கள்."

"கிழக்கூருக்குப் போயிருக்காங்களா?"

"சின்னனில ஒருக்கால். வெயில் ஒத்துக்கொள்ளேல்லை. உடன கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு வந்திட்டம்."

"மேற்கூருக்கு?"

குலேந்திரன் அண்ணை ஜன்னல் பக்கம் பார்த்தார். "இனித்தான் கூட்டிக்கொண்டு போக வேணும்."

"சரி. இதுல சிந்துஜா என்ன சொல்றாங்க?"

சம்பந்திகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவ வேலையில எல்லோ," என்றார் அப்பா.

"அவவுக்கு ஏன் இந்தக் கரைச்சல்?" என்றார் மாமனார்.

அன்றைக்கு இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் இதுதான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் இதே அறையில் – இன்னும் நல்ல நாற்காலிகள் போட்ட அறைகளில் – நானும் உட்கார்ந்திருக்கிறேன். அந்தச் சைக்கிள் வீரரின் வழக்கு நாள் கணக்கில் நடந்தது. சட்டம் பேசினோம், இரசாயனம் பேசினோம், விதியில் ஒரு காற்புள்ளி எதைக் குறிக்கிறது என்று பேசினோம். கடைசி நாள் சாயங்காலம்தான் கவனித்தேன். அந்த மனிதர் மொத்த விசாரணையிலும் தானாகப் பேசியது ஒரே ஒரு வாக்கியம்: "ஜன்னலைக் கொஞ்சம் திறக்கலாமா?"

சம்மதம் இல்லாமல் ஆர்பிட்ரேஷன் இல்லை – எங்கள் தொழிலின் வேதம் அது. விளையாடுகிறவர்களிடம் அந்தச் சம்மதத்தை எப்படி வாங்குகிறார்கள் தெரியுமா? கையெழுத்துப் போடு, இல்லையென்றால் ஆடாதே. சிந்துஜாவிடம் அந்தக் கையெழுத்தைக்கூட யாரும் கேட்கவில்லை.

"அவங்க வராம நான் எதுவும் சொல்ல மாட்டேன்," என்றேன்.

சிந்துஜாவுக்கு கார் து நோர் ரயில் நிலையத்தில் வேலை. வழி தவறிய பயணிகளுக்கு வழி சொல்வது. நடந்து வரும் தூரம்தான். நடேசன் அண்ணை போன் போட்டார். இடைவேளையில், சீருடைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து சேர்ந்தாள். "வா பிள்ளை," என்று அப்பா பக்கத்து நாற்காலியைக் காட்டினார். "இதில இரும் பிள்ளை," என்று மாமனார் தன் பக்கம் காட்டினார். அவள் இன்னொரு நாற்காலியை இழுத்து மேசையின் தலைப்பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

எந்த அணிக்கு ஆட ஆசை என்று பிரெஞ்சில் கேட்டேன்.

"இதை என்னிடம் கேட்கிற முதல் ஆள் நீங்கள்தான், மதாம்," என்றாள் பிரெஞ்சில். பிறகு மற்ற இருவர் பக்கம் திரும்பித் தமிழுக்கு மாறினாள்.

"அப்பா, கலியாணத்துக்குப் பிறகு நான் பிராக்டிசுக்கு வந்தனான். அங்கை அன்ரிமார் என்ன கேட்டவை தெரியுமோ? 'நீர் இப்ப அவையின்ர ஆள் எல்லோ, இஞ்சை என்ன அலுவல்?' எண்டு. நான் உங்களுக்குச் சொல்லேல்லை. சொன்னால் சண்டைக்குப் போவீங்கள்."

நடேசன் அண்ணை எடுத்த ரோல்ஸைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"மாமா, உங்கட ரீமில ஏற்கெனவே ஷூட்டர் இருக்கிறா. வினோதா. எவ்வளவு காலம் வெளிய இருந்து பாத்துக்கொண்டு இருந்தவ, போன வருசம்தான் இடம் கிடைச்சது. நான் வந்தால் அவ வெளிய. அவ எனக்கு வாழ்த்துச் சொல்லி மெசேஜ் போட்டிருக்கிறா. அதை வாசிச்சிட்டு எனக்கு ஒரு மாதிரிப் போச்சு."

"அப்ப நீர் விளையாடேல்லையோ?" என்றார் குலேந்திரன் அண்ணை.

"விளையாட வேணும், மாமா. நான் அம்மாட ஊருக்கு விளையாடப்போறன்."

அம்மா என்றால் கமலா அக்கா. கடையில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர். அவருக்கும் ஓர் ஊர் இருக்கும் என்பது சம்பந்திகள் இருவருக்கும் புதுச் செய்தி போலிருந்தது. அதை வடக்கூர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"வடக்கூருக்கு ரீமே இல்லையே பிள்ளை," என்றார் நடேசன் அண்ணை மெதுவாக.

"ஆறு பேர் இருக்கினம். ஏழாவது ஆள் இல்லாமல் ஒவ்வொரு வருசமும் ரீ ஸ்டோல் போடுகினம். நீங்கள் ரெண்டு பேரும் அங்கைதான் வடை வாங்கிச் சாப்பிடுறனீங்கள்."

அதற்குப் பிறகு எனக்கு அதிகம் வேலை இல்லை. விதியில் 'ஊரைச் சேர்ந்தவர்' என்று மட்டும்தான் இருக்கிறது. அப்பாவின் ஊர் என்றும் இல்லை, கணவனின் ஊர் என்றும் இல்லை. சேர்வது, சேர்கிறவருடைய விருப்பம். சிந்துஜா வடக்கூர். தீர்ப்பு முடிந்தது.

அவள் எழுந்து நின்று, "மெர்சி, அன்ரி," என்று சொல்லிவிட்டு வேலைக்கு ஓடினாள். மதாமாக இருந்த நான் ஒரே தீர்ப்பில் அன்ரி ஆகிவிட்டேன்.

சம்பந்திகள் இருவரும் என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே படியிறங்கினார்கள். பாதிப் படியில் பேச்சுக் கேட்டது.

"இந்தியாக்காரி. உவவுக்கு எங்கட விசயம் என்ன விளங்கும்?"

"நான் முதலே யோசிச்சனான், அண்ணை. நீங்கள்தான் கேட்பம் எண்டு நிண்டனீங்கள்."

"என்ர பிழைதான்..."

இத்தனை நாள் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேர். எவ்வளவு ஒற்றுமை!

ஞாயிற்றுக்கிழமை போட்டி பார்க்க, பாரிஸ் புறநகரான லெ பிளாங்-மெனில் மைதானத்துக்குப் போனேன். வடக்கூர் அணி ஆளுக்கொரு நீலத்தில் சட்டை போட்டிருந்தது. சிந்துஜா கைக்கு வந்த பந்தெல்லாம் வளையத்துக்குள் போனது. கஷ்டம் என்னவென்றால், பந்து அவள் கைக்கு வருவதே அரிதாக இருந்தது. மேற்கூரிடம் படுதோல்வி. கிழக்கூரிடம் தோல்வி, ஆனால் மானம் காத்த தோல்வி.

கிழக்கூர் ஆட்டத்தின்போது நடேசன் அண்ணையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கிழக்கூரின் கோச். முதலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு தன்னை மறந்தார். "சிந்து, இடப்பக்கம் வா... இடப்பக்கம்..." அவருடைய சொந்த அணிப் பிள்ளைகள் திரும்பி அவரையே பார்த்தார்கள். கொஞ்சம் தள்ளி, ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை விட்டுக் கடையைப் பூட்டிவிட்டு வந்த கமலா அக்கா. கடையில் மிச்சக் காசு கொடுக்கும்போதுகூடப் பேசாதவர், கோட்டோரத்தில் நின்று ஆட்ட நடுவரையே அதட்டிக்கொண்டிருந்தார்.

வடக்கூர் பெண்கள் எல்லோரும் மைதானத்தில் இருந்ததால் ரீ ஸ்டோலில் தேநீர் ஊற்ற ஆள் இல்லை. சிந்துஜாவின் கணவன் நின்றான். தன் மாமனார் நடேசன் அண்ணைக்கு ஒரு கோப்பையை நீட்டினான்.

"சீனி காணுமோ மாமா?"

"காணும் தம்பி. நீர் குடிச்சீரோ?"

அந்த வருடத்தில் அவர்கள் பேசிக்கொண்ட மிக நீண்ட பேச்சு அது என்று சிந்துஜா பிறகு சொன்னாள்.

ஆட்டமெல்லாம் முடிந்த பிறகு நடேசன் அண்ணை என்னிடம் வந்தார். கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"தங்கச்சி, வாற வருசத்துக்கு வடக்கூருக்கு கோச் இல்லையாம். கோச்சும் அந்த ஊராய்த்தான் இருக்க வேணும் எண்டு விதியில இருக்கோ?"

"இல்லண்ணா. ஆடறவங்களுக்கு மட்டும்தான்."

தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் குலேந்திரன் அண்ணையிடமிருந்து போன். அதே கேள்வி. கூடவே ஒரு தகவல் – நடேசன் அண்ணைக்கும் அந்த ஆசை இருக்கிறதாம், அது முறையில்லையாம், நான்தான் ஒரு முடிவு சொல்ல வேண்டுமாம்.

யார் கோச் என்பதை ஆடுகிற அந்த ஏழு பெண்களிடம் கேளுங்கள் என்றேன்.



"அவையையும் கேக்க வேணுமோ?" என்றார், உண்மையான வியப்போடு.