இறக்கையில் போட்ட சிவப்புக் குறி

"கிளைடர ஒடச்சாரே, ஏழுமலை மேஸ்திரி, காலைல போய்ட்டாரு."

பஜாரில் நான் வேலை செய்யும் தையற்கடைக்குச் செய்தி இப்படித்தான் வந்தது. சொன்னவர் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர். நான் பொத்தான் துளை தைத்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. மூன்று வருடமாகவே நிமிர்ந்ததில்லை.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். அதனால் எழுதித் தந்திருக்கிறேன். மேஸ்திரியின் மகள் சாந்தா அக்கா இந்த இரங்கல் கூட்டத்தில் வாசிப்பார்.

அந்தக் கிளைடர் வெள்ளைக்காரர் காலத்தில் செய்தது. எஞ்சின் இல்லாத மர விமானம். எங்கெங்கோ பலருக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, துண்டு துண்டாகக் கழற்றப்பட்டு கூட்ஸ் வண்டியில் பங்காருபேட்டைக்கு வந்தது. அங்கிருந்து லாரியில் நம் ஊர் பறக்கும் கிளப்புக்கு. பாதி மரம் செல்லரித்திருந்தது. சுரங்கத்துக்குள் கூரையைத் தாங்க முட்டு மரம் நிறுத்தும் வேலை செய்து ஓய்வு பெற்ற மேஸ்திரி எட்டு மாதம் உழைத்து அதைச் சரி செய்தார். இறக்கைக்குத் துணி தைக்கக் கடையிலிருந்து என்னை அனுப்பினார்கள். நாள் முழுக்க நான் வாய் திறக்கவில்லை. "இன்னாம்மா, ஊசிய வாய்ல வச்சினு இருக்கியா?" என்றார். அன்றுதான் சிரித்தேன்.

முதல் தடவை இரும்புக் கயிறு கட்டி இழுத்து அதை மேலே ஏற்றியபோது எல்லோரும் கை தட்டினார்கள். மேஸ்திரி மட்டும், "நம்ம சுரங்கக் கூண்டு மாதிரிதான். கயித்துல தொங்கினு கீழ போனோம், இது மேல போவுது" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சுரங்கத்தில் பழுதான முட்டு மரத்தின்மேல் சிவப்புச் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவார்கள். குறி இருந்தால் மேனேஜரே ஆனாலும் அதன் கீழே போகக்கூடாது. ஒருநாள் கிளைடர் வேகமாகத் தரையில் மோதி இறங்கியது. மேஸ்திரி இறக்கைத் துணியைப் பிரித்து, நடு மரத்தை விரலால் தட்டிக் கேட்டார். "உள்ள கீறினு இருக்குது. வேற மரம் போடற வரைக்கும் எவனும் ஏறக்கூடாது." அந்த மரத்தின்மேல் சிவப்புக் குறி போட்டுவிட்டு, வேறு மரம் பார்க்க பெங்களூர் போனார்.

மறுநாள் கிளப் செயலாளர் வந்தார். "துணிய மூடும்மா. மேஸ்திரி சரின்னுட்டாரு."

"குறி இருக்குதுங்க சார்."

"அது பழைய குறி. ஞாயித்துக்கிழமை பெரிய அதிகாரி வர்றாரு. கிழிஞ்ச எறக்கையவா காட்டறது?"

பழைய குறி இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தைத்தேன். அதன்மேல் வார்னிஷ் போன்ற பூச்சையும் இரண்டு தடவை பூசினேன்.

ஞாயிற்றுக்கிழமை, புளியமர உயரத்தில் இறக்கை மடிந்தது. பயிற்சிக்கு வந்தவருக்கு இரண்டு காலும் முறிந்தது. "மேஸ்திரி வேலை லட்சணம்" என்று செயலாளர் எல்லோர் முன்னாலும் சொன்னார். மேஸ்திரியைக் கிளைடர் கொட்டகைக்குள் வரவேண்டாம் என்றார். மறுநாளே உடைந்த மரத்தை எரித்தார். துணியை மட்டும், "தலகாணி ஒற தச்சிக்கோ" என்று என்னிடம் எறிந்தார்.

மேஸ்திரி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை கடைக்கு வந்தார். "நூலு கெட்டிம்மா. மரந்தான் போச்சு, உன் தையலு பிரியல" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் நான் அன்றே பேசியிருப்பேன்.

தலையணை உறை தைக்கவில்லை. அந்தத் துணி இப்போது உங்கள் முன்னால் மேசைமேல் இருக்கிறது. உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நான் பூசிய பூச்சு கீழே ஊறி, மரத்திலிருந்த குறியை அப்படியே பிடித்துக்கொண்டது. குறிமேல் ஓடும் தையல் என்னுடையது. என்னையும் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் மூடச் சொன்னவர் இன்று இரங்கல் உரை ஆற்ற வந்திருக்கிறார். அவர் எரித்தது மரத்தை மட்டும்தான்.

மேஸ்திரியின் சட்டைப் பையில் கடைசியாக இருந்த சிவப்புச் சாக்பீஸைச் சாந்தா அக்கா எனக்குத் தந்தார். அவருடையதாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். இன்று காலை, நாற்காலி போடும்போது, முதல்முறையாக அதை எடுத்தேன். முன்வரிசையில் செயலாளருக்குப் போட்ட நடு நாற்காலியின் முதுகைப் பாருங்கள். பின்னால் இருக்கும் நீங்கள் எல்லோரும் சுரங்கத்தில் இறங்கியவர்கள். உங்களுக்குப் புரியும்.