ஜெர்மனியைச் சாப்பிடக் கூப்பிடாதது

பத்தாம் வகுப்பில் என் மகள் செர்பியாவாக இருந்தாள். தொண்ணூறுகளின் கடைசியில், சான் ஹோசேயில் ஒரு பள்ளிக்கூடம். சரித்திர ஆசிரியை வகுப்பிலிருந்த பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தேசத்தைக் கொடுத்துவிட்டார். வருடம் 1914. ஆஸ்திரியாவின் இளவரசர் சுடப்பட்டாயிற்று. பழி செர்பியாவின் மேல். விழுங்க முடியாத நிபந்தனைகளும் வந்தாயிற்று. திங்கட்கிழமை மணியடிக்கும்வரை போர் மூளாமல் பார்த்துக்கொண்டால் வகுப்புக்கு வெற்றி. இதுவரை எந்த வருடமும் எவரும் அதைச் சாதித்ததில்லை என்று ஆசிரியை சற்றுப் பெருமையாகவே சொன்னாராம்.

வேறு பிள்ளையாக இருந்தால் மறந்திருக்கும். என் மகள் சரியாகச் சாப்பிடவில்லை.

"இட்ஸ் கோயிங் டு பி மை ஃபால்ட், அப்பா" என்றாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் வீட்டில் ஒரு சுவர் முழுக்கச் சரித்திரப் புத்தகங்களை வாங்கி அடுக்கிவிட்டு, கேட்க ஆளில்லாமல் வருஷக்கணக்காகக் காத்திருந்தவன் நான். பால்கன் பிரச்சினையின் பூர்வோத்தரங்களைத் துருக்கியிலிருந்து தொடங்கினேன். ஜெர்மனிக்கு வருவதற்குள் அவள் சோபாவில் தூங்கிவிட்டாள்.

என் மனைவி துணி மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "அந்த ஆஸ்திரியாப் பொண்ணை சனிக்கிழமை சாப்பிட வரச் சொல்லு. நம்ம வீட்ல சாப்ட்டுட்டு எப்படி சண்டைக்கு வருவா?" என்றாள் மறுநாள் மகளிடம். ராஜதந்திரம் அவ்வளவு எளிதல்ல என்று நான் சொன்னேன். தேங்காய் துருவித் தரச் சொன்னாள்.

ஆஸ்திரியா பல்லில் கம்பி கட்டிய, சாதுவான வியட்நாமியப் பெண். மசால் தோசையை முதலில் கத்தியால் வெட்டினாள். இரண்டாவதைக் கையால் பிய்த்தாள். மூன்றாவதின்போது நிபந்தனைகளைத் தளர்த்த ஆரம்பித்தாள். ஆஸ்திரியாவின் போலீஸ் செர்பியாவுக்குள் நுழைந்து விசாரிக்கும் என்ற ஒன்றில்தான் இழுபறி. கடைசியில், போலீஸ் வரலாம், ஆனால் போன் பண்ணிவிட்டுத்தான் வர வேண்டும் என்று முடிவாயிற்று. எங்கள் வீட்டுக்கு வரும் நண்பர்களுக்கு என் மனைவி விதித்திருந்த சட்டம் அது. ஐரோப்பாவுக்கும் பொருந்தியது.

மகள் அன்று நன்றாகச் சாப்பிட்டாள்.

ஞாயிறு மத்தியானம் போன் வந்தது. பேசியவர் ஜெர்மனியின் அம்மா. ஜெர்மனியும் தமிழ்ப் பெண்தான், மூன்று தெரு தள்ளி வீடு. கோயமுத்தூர்ப் பக்கத்துக் குடும்பம். ஆஸ்திரியா தன் கூட்டாளி நாட்டிடம் தோசையைப் பற்றிச் சொல்லிவிட்டது.

"ஒண்ணுமில்லீங்க, சும்மாதான் கூப்பிட்டேன். நேத்து உங்க வீட்ல ஏதோ விசேஷமாமுங்க?" என்றார். நான் பள்ளிக்கூட ப்ராஜெக்ட் என்று விளக்கினேன். "அதானுங்களே. எங்களுக்கெல்லாம் சொல்லோணும்னு என்ன இருக்குது" என்று வைத்துவிட்டார்.

அடுத்த அரை மணியில் ஜெர்மனி என் மகளைப் போனில் அழைத்து, ஆஸ்திரியா சும்மா இருந்தாலும் நாளை தான் சும்மா இருக்கப்போவதில்லை என்று அறிவித்தது. மகளின் முகம் முந்தைய வாரத்துக்குத் திரும்பிவிட்டது.

எங்கள் ஆட்களில் இரண்டு குடும்பங்கள் பிரிந்திருந்தால் விசாரித்துப் பாருங்கள். ஏதோ ஒரு விசேஷத்துக்கு ஒருவர் மற்றவரைக் கூப்பிட்டிருக்க மாட்டார். இது தெரிந்தும் நாங்கள் ஆஸ்திரியாவை மட்டும் கூப்பிட்டோம். நான் போன் பண்ணி மன்னிப்புக் கேட்கலாமே என்றேன்.

"போன்லயா? அதுக்குப் பேசாமயே இருக்கலாம்" என்றாள் மனைவி. "நேர்ல போய் கூப்பிட்டுட்டு வருவோம். சட்டையை மாத்துங்க."

தேங்காய் பர்பியும் குங்குமச் சிமிழுமாக, மகளையும் கூட்டிக்கொண்டு, மூன்று தெருவைக் காரில் கடந்தோம். ஜெர்மனியின் அம்மா கதவைத் திறந்து, எதற்கு இதெல்லாம் என்று சொல்லிக்கொண்டே டப்பாவை வாங்கிக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை எல்லோரும் குடும்பத்தோடு வர வேண்டும் என்று மனைவி முறையாக அழைத்தாள். பிள்ளைகள் இருவரும் மாடிக்குப் போனார்கள். காபி வந்தது. ஜெர்மனியின் அப்பா புல்வெட்டும் இயந்திரத்தைப் பற்றிப் பேச, நான் என் புத்தகங்களை நினைத்துக்கொண்டேன். 1914இல் முடிசூடியிருந்தவர்களில் பாதிப்பேர் ஒருவருக்கொருவர் சொந்தக்காரர்கள். விடிய விடியத் தந்தி கொடுத்தார்கள். ஒருவர்கூடக் கிளம்பி நேரில் போகவில்லை. இதை ஜெர்மனியின் அப்பாவிடம் சொன்னேன். அவர் இன்னொரு பர்பி எடுத்துக்கொண்டார்.

மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்ட பிறகுதான் மனைவி காபியைக் குடித்தாள்.

திங்கட்கிழமை மகளை அழைத்துவரப் போனேன். காரில் ஏறி, பையைப் பின்சீட்டில் எறிந்தாள். நடுவில் ரஷ்யாவுக்கு மட்டும் போரடித்துப் படையைத் திரட்டியிருக்கிறது. ஜெர்மனி எழுந்து, சனிக்கிழமை எல்லோருக்கும் சாப்பாடு இருக்கிறது, உட்கார் என்று சொல்லிவிட்டதாம். மணி அடித்துவிட்டது. போர் மூளவில்லை. ஆசிரியை கடிகாரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நாளைக்குப் பதுங்குகுழிப் போர் பாடம், புத்தகம் கொண்டுவாருங்கள் என்றாராம்.

"வீ ஸ்டாப்ட் இட், அப்பா. ஷீ'ஸ் ஸ்டில் டீச்சிங் தி வார்."

என்னிடம் அதற்கு ஒரு விளக்கம் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அதை விழுங்கிக்கொண்டு, சனிக்கிழமைக்கு யார் யார் வருகிறார்கள் என்று மட்டும் கேட்டேன்.

"எவ்ரிபடி. ரஷ்யா டூ." சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். "இங்கிலாண்ட் இஸ் அலர்ஜிக் டு பீநட்ஸ். டெல் அம்மா."