அக்காவின் அரைப்பேர்

பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு பார்மசிக்கு மேல்மாடியில் எங்கள் இணையத்தளம் இருந்தது. யாராவது இணையத்தளம் எங்கே என்று கேட்டால் அந்தப் பார்மசியைத்தான் கை காட்டுவோம். இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்கள். ஊவாவின் தேயிலைத் தோட்டங்களைப் பற்றி உலகம் வாசிக்கட்டும் என்று ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம் கணினி வாங்கித் தந்திருந்தது. தோட்டங்களிலிருந்து தபாலில் வரும் கட்டுரைகளை நான் தட்டச்சு செய்வேன். ஆசிரியர் அவற்றைச் செப்பம் செய்வார்.

ஆசிரியரை சேர் என்றே கூப்பிடுவோம். யாழ்ப்பாணத்துக்காரர், பதுளையில் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவர். தோட்டங்களைப் பஸ் ஜன்னல் வழியாக நன்றாக அறிந்தவர். பிழை விட்டால் கோபிக்க மாட்டார், வருத்தப்படுவார். அது கோபத்தைவிட மோசம். கட்டுரையில் 'லயம்' என்று வந்தால் 'தொடர் குடியிருப்பு' ஆக்கிவிடுவார். காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் பெரட்டு, 'காலை ஒன்றுகூடல்' ஆகிவிடும். வாசித்தால் எங்கள் சனம் தினமும் விடியலில் கூடி நின்று தேவாரம் பாடுகிறது என்று தோன்றும்.

"லயம்னா எல்லாருக்கும் தெரியுமே சேர்" என்பேன்.

"நீர் சொல்லும், கனடாவில இருக்கிறவனுக்கு விளங்குமோ?" என்பார்.

மடுல்சீமையில் லயத்துக் கூரை ஒழுகுவது கனடாக்காரனுக்கு எதற்கு விளங்க வேண்டும் என்று எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் எங்களை வாசித்தது அவன் ஒருவன்தான். தோட்டத்தில் கணினி ஏது?

என் அக்கா மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தாள். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். சொன்ன அளவு பறித்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், பாதி நாள் சம்பளம். அக்கா கைவேகக்காரி. ஆனால் அந்த வருஷம் மழை விடவில்லை. தராசில் ஈரத்துக்கு ஒரு கழிவு, சாக்குக்கு ஒரு கழிவு, கணக்கப்பிள்ளையின் அன்றைய மனநிலைக்கு ஒரு கழிவு. கூடை நிறையக் கொண்டுபோனாலும் அரைப்பேர்தான் விழுந்தது. மூத்த மகளைப் பசறையில் விடுதியில் விட்டுப் படிக்க வைத்திருந்தாள். இப்படியே போனால் அடுத்த பள்ளித் தவணைக்கு அவளை அனுப்ப முடியாது.

"கம்பியூட்டர்ல என்னென்னமோ எழுதுறியே தம்பி, இதையும் எழுதேன். தொர காதுக்குப் போவட்டும்" என்றாள்.

எழுதினேன். 'என் அக்காவுக்கு அரைப்பேர்தான் போடுகிறார்கள்' என்று ஆரம்பித்து, தராசையும் கழிவுகளையும் விட்டுவைக்காமல் எழுதினேன். சேரிடம் கொடுத்த கையோடு காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன்.

எழுந்து வேலைக்குப் போனபோது கட்டுரை ஏறியிருந்தது. தலைப்பு, 'பாதி எழுதிய பெயர்கள்'. தோட்டப் பதிவுகளில் பெண்களின் பெயர்கள் அரைகுறையாகவே எழுதப்படுகின்றன என்று தொடங்கியது. பெயர்தான் மனிதனுக்குக் கிடைக்கும் முதல் உரிமை என்று ஒரு பந்தி இருந்தது. நல்ல பந்திதான். தராசைக் காணவில்லை.

"அது விஷயத்தோட பொருந்தேல்லை, எடுத்துப்போட்டன்" என்றார் சேர். "முதல் வசனம் அருமை. அதைத்தான் விரிச்சனான்."

அரைப்பேர் என்றால் என்ன என்று சொன்னேன். சொல்லும்போது என் குரல் உயர்ந்திருக்க வேண்டும், கீழேயிருந்து பார்மசிக்காரர் எட்டிப் பார்த்தார். சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மறுபடியும் துடைத்தார். "ஐயோ, பெரிய பிழையல்லோ" என்றார். அன்றைக்கே திருத்திப் போட்டார். திருத்தத்தை யாரும் வாசிக்கவில்லை.

முதல் கட்டுரையைத்தான் எல்லோரும் வாசித்திருந்தார்கள். உதவி நிறுவனத்தார் மனம் உருகி ஜீப்பில் நேரே தோட்டத்துக்குப் போனார்கள். தன் மேல் சொல்ல எத்தனையோ குறை இருக்க இப்படியொன்று வந்ததில் தோட்டத்தை நடத்தும் துரைக்கு ஒரே சந்தோஷம். ஆட்களின் பேரைப் பதியும் செக்ரோல் புத்தகத்தை அவரே திறந்து காட்டினார். சில பெயர்கள் சுருக்கித்தான் எழுதப்பட்டிருந்தன. அடையாள அட்டைகளை வாங்கிப் பார்த்து, ஒன்று விடாமல் முழுசாக எழுதுவித்தார். வந்தவர்கள் படம் பிடித்துக்கொண்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினார்கள். எங்கள் இணையத்தளத்தின் முதல் வெற்றி என்று அறிக்கை எழுதினார்கள்.

சேர் அவர்களுக்குப் போன் எடுத்து நிதானமாக விளக்கினார். பெயர்த் திட்டம் வெற்றியாக முடிந்துவிட்டது, சம்பளம் வேறு திட்டத்தில் வரும் என்றார்களாம். அந்தத் திட்டம் வந்ததாக எனக்கு நினைவில்லை.

தவணை தொடங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். அக்காவின் மகள் வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய விடுதிப் பெட்டி காம்பராவுக்குள் கட்டிலுக்கடியில் கிடந்தது. நான் சேரைப் பற்றியும் கனடாவைப் பற்றியும் ஏதேதோ சொன்னேன். அக்கா திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீ எழுதுனது வீண் போவல தம்பி" என்றாள். "இப்ப என் பேர முழுசா எழுதி, அதுக்கு நேரா அரைப்பேர் போடுறாங்க."